பட்டணத்துக்கு வந்த பெண் யாருடையவள்?

சீன தேசத்தைப் பற்றி நமது நாட்டுப் பத்திரிகைகளில் வரும் சமாசாரங்களை எடுத்துக்கொண்டால், எல்லைத் தகராறு, மலிவுச் சாமான், தொத்து வியாதி ஆகிய இம்மூன்றுக்கு மேல் நாலாவது ஒன்றைக் காண்பது அரிது. அந்நாட்டில் கோடிக்கணக்கான பெண்கள் கிராமத்தை விட்டுப் பட்டணத்துக்கு வந்து கூலிவேலை செய்கிறார்கள் என்பதும், அவர்களில் சிலர் அந்த வாழ்வைப் பற்றித் தாங்களே கதையும் கவிதையும் எழுதியிருக்கிறார்கள் என்பதும் இங்கு எத்தனை பேருக்குத் தெரியும்? தெரியாதது குற்றமல்ல. ஆனால் ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்திலுள்ளவர்கள் இனியும் தெரிந்துகொள்ளாமலிருப்பது பெரிய நஷ்டமாகும். ஏனெனில் 1980-ல் ஷென்ஷென் என்னும் ஊரைத் தனித் தொழில் வட்டாரமாக ஏற்படுத்தி அங்கே எந்தக் காரியத்தைத் தொடங்கினார்களோ, அந்தக் காரியமே இன்று நம் ஜில்லாவில் நடக்கிறது. கிராமத்துக் குமரிப் பெண்களை ஆயிரக்கணக்கில் கொண்டுவந்து, விடுதியில் வைத்து, உலகத்தார் கையிலிருக்கும் செல்போனுக்குச் சாமான் செய்விப்பதே அந்தக் காரியம்.

முன்பு ஓசூர் என்றால் லாரியும், மோட்டார் சைக்கிளும், கைக்கடிகாரமும் செய்கிற ஊர். சிப்காட் வந்தது 1970-களில். அசோக் லேலண்டும் டி.வி.எஸ்.ஸும் டைட்டனும் அதையடுத்து வந்தன. இப்போது நிலைமை வேறு. போச்சம்பள்ளியில் மின்சார ஸ்கூட்டர் செய்யும் ஓலா கம்பெனியார், தங்கள் தொழிற்சாலையைப் பெண்களே நடத்துவார்கள், முழு அளவில் ஓடும்போது பதினாயிரம் பெண்களுக்கு மேல் இருப்பார்கள் என்று 2021-ல் அறிவித்தார்கள். டாட்டா கம்பெனியாரின் செல்போன் சாமான் தொழிற்சாலைக்கு ராஞ்சி, ஹசாரிபாக் பக்கத்து ஆதிவாசிப் பெண்கள் ஆறாயிரம் பேரைப் பழக்கியிருப்பதாக 2022-ல் மத்திய மந்திரியே பெருமையோடு சொன்னார். 2019-20-ம் வருஷத்துச் சர்க்கார் கணக்குப்படி, இந்தியா முழுவதிலும் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் நூற்றுக்கு 43 பேர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள்.

இந்தப் பெண்களைப் பற்றி ஊரில் இரண்டு விதமான பேச்சு இருக்கிறது. ஒன்று, "ஹாஸ்டலில் விட்ட பெண் கெட்டுப் போவாள்" என்பது. மற்றொன்று, "மாதச் சம்பளம் வாங்க ஆரம்பித்துவிட்டாள், இனி அவளுக்கென்ன குறை, விடுதலை வந்துவிட்டது" என்பது. முதல் பேச்சு வைதிகர்களுடையது. இரண்டாவது பேச்சு முதலாளிமார்களுடையதும், அவர்களிடம் விளம்பரம் வாங்கும் பத்திரிகைகளுடையதுமாகும். இரண்டிலும் ஒரு ஒற்றுமை என்னவென்றால், சம்பந்தப்பட்ட பெண்ணை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. சீனத்துக் கதைகளைப் படிக்க வேண்டுமென்று நாம் சொல்வதற்குக் காரணமே அங்கே அந்தப் பெண் வாயைத் திறந்து பேசுகிறாள் என்பதுதான்.

இந்த விவாதத்தை அங்கே கிளப்பியவர் லூ ஷுன் என்னும் பெரிய எழுத்தாளர். இப்ஸன் எழுதிய நாடகத்தில் நோரா என்பவள், தான் புருஷன் வீட்டில் ஒரு பொம்மையாக இருப்பதை உணர்ந்து, கதவைச் சாத்திவிட்டு வெளியே போகிறாள். அத்துடன் நாடகம் முடிந்து ஜனங்கள் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். லூ ஷுன் 1923 டிசம்பரில் பீக்கிங் நகரத்துப் பெண்கள் கல்லூரியில் பேசும்போது, சரி, வெளியே போனாளே, பிறகு என்ன ஆனாள் என்று கேட்டார். அவள் கையில் காசில்லாவிட்டால் ஒன்று சீரழிய வேண்டும், அல்லது வந்த வழியே திரும்பிப் போக வேண்டும் என்பதும், பெண்ணுக்குப் பொருளாதார உரிமை இல்லாமல் வீட்டை விட்டு வெளியேறுவதைப் பற்றிப் பேசுவது வீண் என்பதும் அவருடைய கருத்து. பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டுமென்று 1929-ல் செங்கற்பட்டு மாநாட்டில் தீர்மானித்தவர்களும் இதையேதான் சொன்னார்கள். அது தமிழ்நாட்டில் சட்டமாவதற்கு 1989 வரையில் காத்திருக்க வேண்டியிருந்தது. சட்டம் வந்தும் எத்தனை பெண்கள் பங்கு கேட்டார்கள், கேட்டவர்களில் எத்தனை பேரை அண்ணன் தம்பிமார் வாசலில் சேர்த்தார்கள் என்பது அவரவர் குடும்பத்தைப் பார்த்தாலே தெரியும்.

லூ ஷுனுக்குப் பின் டிங் லிங் அம்மையார் வந்தார். 1928-ல் அவர் எழுதிய ஸோபியின் நாட்குறிப்பு என்னும் கதையில், க்ஷய ரோகம் பிடித்த ஒரு இளம்பெண் பீக்கிங்கில் ஒரு வாடகை அறையில் தனியாக இருந்துகொண்டு, தன் ஆசையையும் வெறுப்பையும் ஒளிக்காமல் எழுதுகிறாள். அந்தக் கதை அன்று பெரிய அதிர்ச்சியை உண்டாக்கியது. ஆண் ஆசைப்பட்டால் காவியம், பெண் ஆசைப்பட்டால் நடத்தைக் கேடு என்பது நம் நாட்டுக்கு மட்டும் சொந்தமான புத்திசாலித்தனமல்ல போலும். பிற்பாடு இந்த அம்மையார் பொதுவுடைமைக் கட்சியில் சேர்ந்து யெனானுக்குப் போனார். புரட்சிக்காரர்களின் கோட்டையாகிய அந்த யெனானிலும், கலியாணம் செய்துகொள்ளாத பெண்ணுக்கு ஏச்சு, செய்துகொண்டவளுக்கு ஏச்சு, பிள்ளை பெற்றவளுக்கும் ஏச்சு என்று 1942-ல் பெண்கள் தினத்தை ஒட்டிப் பத்திரிகையில் எழுதிவிட்டார். அதற்காக அவரைக் குற்றம் ஒப்புக்கொள்ளச் செய்தார்கள். பின்னால் 1950-களின் கடைசியில் வலதுசாரி என்று முத்திரை குத்தி வடகோடிப் பண்ணைக்கும் அனுப்பினார்கள். புரட்சி வந்தால் பெண் விடுதலை தானாக வந்துவிடும் என்று மேடைக்கு மேடை பேசும் நம் தோழர்கள் சிலர் இந்த அம்மையாரின் சரித்திரத்தைத் தயவுசெய்து படிக்கட்டும்.

நிற்க, இக்காலத்துக் கதைகளுக்கு வருவோம். வாங் அன்யீ அம்மையார் 1995-ல் எழுதி, 2000-ல் அந்நாட்டின் பெரிய பரிசாகிய மாவ் துன் பரிசு பெற்ற நாவல் ஒன்று ஷாங்காய் நகரத்தைப் பற்றியது. அதன் கதாநாயகி 1946-ல் நடந்த அழகுப் போட்டியில் மூன்றாவதாக வந்தவள். ஒரு பெரிய அதிகாரி அவளைத் தனி ஜாகையில் வைத்துக்கொண்டு, ஒரு பெட்டி நிறையத் தங்கக்கட்டி கொடுக்கிறான். அவன் செத்துப் போகிறான், ராஜாங்கம் மாறுகிறது, நாற்பது வருஷம் ஓடுகிறது. கடைசியில் அந்தத் தங்கத்துக்காக ஒருவன் அவள் கழுத்தை நெரித்துக் கொல்கிறான். பெரிய விமர்சகர்கள் இதில் நகரத்தின் ஆத்மாவைக் கண்டதாக எழுதுகிறார்கள். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இங்கிலீஷில் படித்த நமக்குத் தென்பட்டது, தன் உழைப்பில் வராத பொருளும் அழகும் அவளைக் காப்பாற்றவில்லை என்பதே. வே ஹுய் என்பவர் 1999-ல் எழுதிய ஷாங்காய்ப் பெண்ணின் கதையோ சீமைச் சாராயமும் படுக்கையறையுமாக இருக்கிறது. நமக்கு அது அவ்வளவு ருசிக்கவில்லை. ஆனால் சீன சர்க்கார் 2000-ல் அதைத் தடுத்துப் பிரதிகளைக் கொளுத்தினார்களே, அது சுத்த அசட்டுத்தனம். புத்தகத்தைக் கொளுத்திக் கற்பைக் காப்பாற்றின தேசம் உலகத்தில் எங்கேயும் இல்லை.

நாம் ஓசூர்க்காரர்களுக்கு முக்கியமாகச் சிபாரிசு செய்வது ஷெங் கேயி அம்மையார் 2004-ல் எழுதிய, வடக்கத்திப் பெண்கள் என்று பொருள்படும் நாவலை. அவர் ஹுனான் மாகாணத்துக் கிராமத்தில் பிறந்து, தாமே ஷென்ஷெனுக்குப் பிழைக்க வந்தவர். கதையில் வரும் சியென் சியாவ்ஹொங் என்ற பெண்ணின் உடம்பைப் பார்த்தே ஊரார் அவளுக்கு ஒரு நடத்தையைக் கற்பித்துப் பெயர் கட்டிவிடுகிறார்கள். அவள் பட்டணம் வருகிறாள். முடி திருத்தும் கடை, தொழிற்சாலை, ஹோட்டல், ஆஸ்பத்திரி என்று இடம் மாறிக்கொண்டே போகிறாள். போகுமிடமெல்லாம் அவள் கைவேலையை விட அவள் உடம்புக்குத்தான் ஆண்கள் விலை பேசுகிறார்கள். அவள் பத்தினியுமல்ல, விபசாரியுமல்ல. தனக்கு இஷ்டமானபோது இஷ்டப்படுகிறாள், விற்கமாட்டேன் என்கிறாள். நமது புராணங்களிலும் சினிமாக்களிலும் இந்த மாதிரிப் பெண்ணுக்கு உட்காரவே இடம் கிடையாது.

இந்தக் கதையில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, தங்கும் சீட்டு. சீனத்தில் 1958 முதல் ஒவ்வொருவருக்கும் பிறந்த ஊரில் பதிவு உண்டு. கிராமத்தில் பதிவுள்ளவர் பட்டணத்தில் இருப்பதற்கு அக்காலத்தில் சீட்டு வாங்க வேண்டியிருந்தது. சீட்டில்லாதவரைப் பிடித்து அடைத்து ஊருக்கு அனுப்பும் முறை 2003-ல்தான் எடுபட்டது. அந்தச் சீட்டுக்காகச் சியாவ்ஹொங்கின் தோழி தன் உடம்பையே விலையாகக் கொடுக்க நேருகிறது. பிற்பாடு அந்தத் தோழியையே வேறு யாரென்றோ எண்ணிப் பிடித்துக்கொண்டு போய்க் கருத்தடை செய்துவிடுகிறார்கள். பெண் இன்னாரென்று கேட்கக்கூட அவசியமில்லை, கர்ப்பப்பை ஒன்று அகப்பட்டால் போதும் என்பது சர்க்காரின் கணக்கு.

மற்றொன்று, அந்தப் பெயர். வடக்கத்திப் பெண் என்பது தெற்கத்தியார் வெளியூர்ப் பெண்களுக்கெல்லாம் வைத்த பொதுப்பெயர். இங்கே என்ன நடக்கிறது? ஜார்க்கண்டிலிருந்து வந்திருக்கும் பெண்களின் வீட்டுப் பாஷை சந்தாலியாக இருக்கலாம், முண்டாரியாக இருக்கலாம், குடுக்காக இருக்கலாம். குடுக் நம் தமிழுக்கு உறவான பாஷை. இதையெல்லாம் யார் விசாரிக்கிறார்கள்? கடைத்தெருவில் அவர்கள் அத்தனை பேருக்கும் "ஹிந்திக்காரப் பொண்ணு" என்று ஒரே பெயர். தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் ஒரே தெருவில் பேசுகிற ஓசூரிலேயே இந்த அவசரமா? அத்திப்பள்ளியைத் தாண்டி பெங்களூரில் வீட்டுவேலைக்கும் கட்டட வேலைக்கும் போகும் நம் பெண்களையும் பெயர் கேளாமல் இப்படித்தானே கூப்பிடுகிறார்கள், அது மட்டும் நமக்கு ஏன் உறைக்கிறது?

தொழிற்சாலைக்குள்ளே போனால் இந்தப் பொதுப்பெயரும் போய் நம்பர் வந்துவிடுகிறது. செங் சியாவ்சியோங் என்ற பெண் 2001-ல் ஸெச்சுவானிலிருந்து டோங்குவானுக்கு வந்து இரும்புச் சாமான் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அவர் எழுதியது கதையல்ல, கவிதை. ஆனாலும் பல நாவல்கள் செய்யாத ஒன்றைச் செய்தார். 2012-ல் வந்த அவருடைய புத்தகத்தில், நம்பராக இருந்த தொழிலாளிப் பெண்களை ஒவ்வொருத்தியாகப் பெயர் சொல்லி எழுதினார். 2007-ல் பரிசு வாங்கிய மேடையில் நன்றியுரைக்குப் பதிலாக அந்த வட்டாரத்துத் தொழிற்சாலைகளில் அறுபட்ட விரல்களைப் பற்றிப் பேசினார். நம்மவர்கள் பரிசு வாங்கும்போது பேசுவதையும் கேட்டிருக்கிறோம்.

பெயரைப் பற்றிப் பேசும்போது நம் நாட்டு இனிஷியலையும் யோசிக்க வேண்டும். சீனத்துப் பெண் கலியாணத்தினால் குடும்பப் பெயரை மாற்றுவதில்லை. அது அப்பன் கொடுத்த பெயராயினும் சாகிறவரை அதே பெயர். இங்கே கலியாணத்துக்கு முன் அப்பன் எழுத்து, பின் புருஷன் எழுத்து. ஆதாரிலும் ரேஷன் கார்டிலும் எழுத்தை மாற்ற அலைகிறவள் அவள். புருஷன் எந்த எழுத்தை மாற்றினான்?

இனி, பூட்டைப் பற்றிச் சில வார்த்தை. பெண்களைப் பத்திரமாக வைக்கிறோமென்று விடுதிக்கு நேரம் வைக்கிறார்கள், வாசலில் ஆள் வைக்கிறார்கள், பெற்றோர் சம்மதம் கேட்கிறார்கள். பத்திரம் யாருக்கு? 1993 நவம்பரில் ஷென்ஷெனில் ஒரு பொம்மைத் தொழிற்சாலையில் தீப்பிடித்து 87 பேர் மாண்டார்கள், பெரும்பாலும் இளம்பெண்கள். கதவு பூட்டியிருந்தது, ஜன்னலுக்குக் கம்பி போட்டிருந்தது. 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூரை அடுத்து ஒரு விடுதியில் சாப்பாடு கெட்டு நூற்றுக்கணக்கான பெண்கள் நோயில் விழுந்தபோது, அவர்கள் நெடுஞ்சாலையில் வந்து உட்கார்ந்த பிறகே அதிகாரிகள் விடுதிக்குள் எட்டிப் பார்த்தார்கள். 2025 நவம்பரில் ஓசூரை அடுத்த நாகமங்கலம் பக்கத்தில், ஆயிரக்கணக்கான பெண்கள் தங்கியிருக்கும் விடுதியின் குளியலறையில் ஒளித்து வைத்த காமிரா அகப்பட்டது. வாசல் ஆளும் நேரக்கட்டுப்பாடும் அதைத் தடுத்தனவா? அந்தப் பெண்கள் ராத்திரியில் கூட்டமாக வெளியே வந்து உட்கார்ந்து நியாயம் கேட்டார்களே, அதுதான் விஷயத்தை ஊரறியச் செய்தது. பூட்டினால் கெட்டது உள்ளே வராமலிருப்பதில்லை. உள்ளே நடப்பது வெளியே தெரியாமலிருக்கிறது, அவ்வளவே.

தாலி விஷயத்தில் நடந்ததை வைதிகர்கள் இன்னும் ஜீரணிக்கவில்லை. ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் பூட்டும் பாக்ஸ்கான் தொழிற்சாலையில் கலியாணமான பெண்களை வேலைக்கு எடுப்பதில்லை என்று 2024 ஜூனில் ராய்ட்டர் செய்தியாளர்கள் விசாரித்து எழுதினார்கள். குடும்பப் பொறுப்பு, கர்ப்பம், லீவு என்று காரணங்கள். தாலியும் மெட்டியும் உலோகம் என்பதும் ஒன்று. வேலை மும்முரமான காலத்தில் இந்த விதி தளர்ந்துவிடுமாம்! கம்பெனியார் தாங்கள் வேற்றுமை பாராட்டுவதில்லை என்றார்கள். மத்திய சர்க்கார் மாகாண சர்க்காரிடம் விளக்கம் கேட்டார்கள். தாலி பெண்ணுக்கு விலங்கு என்று நாமும் சொல்லித்தான் வருகிறோம். ஆனால் அதைக் கழற்றுவது அவள் இஷ்டமாக இருக்க வேண்டுமேயல்லாமல், கட்டினவளுக்குச் சோறில்லை என்று முதலாளி சொல்வதற்குப் பெயர் பகுத்தறிவல்ல. வீட்டில் தாலி இல்லாவிட்டால் மரியாதையில்லை, தொழிற்சாலையில் தாலி இருந்தால் வேலையில்லை என்றால் அந்தப் பெண் எங்கேதான் நிற்பது?

சம்பளம் விடுதலை கொடுக்காதா என்று கேட்கலாம். கொடுக்கும், அது அவள் கையிலிருந்தால். கோவை, திருப்பூர்ப் பக்கத்து நூல் மில்களில் மூன்று வருஷம் வேலை வாங்கிக் கடைசியில் கலியாணத்துக்கென்று மொத்தமாக ஒரு தொகை கொடுக்கும் ஏற்பாட்டுக்குச் சுமங்கலித் திட்டம் என்று பெயர் வைத்தார்கள். தன்னை விலைக்கு வாங்கப்போகிற மாப்பிள்ளைக்குத் தானே கூலிவேலை செய்து பணம் சேர்ப்பது என்பதைத் தவிர அதில் வேறு என்ன சுமங்கலித்தனம் இருக்கிறது? மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் சர்க்கார் நடத்திய திட்டமும் 2011 முதல் தாலிக்குத் தங்கம் கொடுத்தது. தாசி முறையை ஒழிக்கப் பாடுபட்ட சுயமரியாதைக்காரி பெயரில் தாலித் தங்கம்! 2022-ல் அது மாறி, கல்லூரியில் படிக்கும் பெண்ணுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் என்று ஆகியிருக்கிறது. அந்த வரைக்கும் நல்லதே.

பட்டணத்துக்கு வந்துவிட்டாலே ஜாதியும் கொடுமையும் பின்தொடராது என்று நினைப்பவர்களுக்கு நம் ஜில்லாச் சமாசாரம் இரண்டு போதும். ஜாதி மாறிக் கலியாணம் செய்துகொண்டு ஓசூரில் குடியிருந்த ஒரு இளம் தம்பதிகளை, 2018 நவம்பரில் பெண் வீட்டார் கடத்திக்கொண்டு போய்க் கொன்று, கர்நாடகத்துக் காவேரியில் போட்டார்கள். 2025 மார்ச்சில் மலைக் கிராமமொன்றின் 14 வயதுச் சிறுமிக்குப் பெங்களூரில் வைத்துத் தாலி கட்டி, மாட்டேனென்று ஓடிவந்தவளைக் கதறக் கதறத் தூக்கிக்கொண்டு போன காட்சியை நாடே செல்போனில் பார்த்தது. அந்தச் செல்போனுக்கு உறுப்புச் செய்கிற தொழிற்சாலை இருப்பது இதே ஜில்லாவில்தான்.

இவையெல்லாம் நம் கதைகளில் எங்கே? பட்டணத்தில் சம்பாதித்துத் தன் காலில் நிற்கிற பெண்ணுக்கு ஜெயகாந்தன் 1970-ல் கங்கா என்று பெயர் கொடுத்தார். நல்ல நாவல், என்றோ ஒருநாள் மழையில் நடந்தது அவளை ஆயுசு முழுவதும் துரத்துவதைத் தைரியமாகவே எழுதினார். ஆனால் அது ஆண் எழுதியது, அவளும் ஆபீஸ்காரி. மூன்று ஷிப்டில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு செல்போன் உறுப்பை அடுக்குகிற பெண், தன் வாயால் சொன்ன நாவல் நாம் படித்தவரையில் தமிழில் இல்லை. ஓசூரில் பேர்போன எழுத்தாளர்கள் இல்லாமலில்லை. அவர்கள் வந்து எழுதிக் கொடுக்க வேண்டுமென்றும் நாம் காத்திருக்க வேண்டியதில்லை. இராமாமிர்தம் அம்மையார் தாம் பிறந்த கூட்டத்தின் கொடுமையை 1936-ல் தாமே நாவலாக எழுதி அச்சிட்டார். எந்தப் பண்டிதரிடமும் அவர் அனுமதி கேட்கவில்லை.

ஆகவே விடுதி நடத்தும் கம்பெனியாருக்கு நாம் சொல்வது: கோவிலுக்குப் பஸ் விடுவதை நிறுத்தச் சொல்லவில்லை, ஆனால் விடுதிக்கு ஒரு வாசகசாலையும் வையுங்கள். அதில் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் இந்தியும் இருக்கட்டும். விடுதி விதிகளைச் செய்கிற கமிட்டியில் அங்கே தங்கும் பெண்கள் தேர்ந்தெடுத்தவர்களே பாதிக்குக் குறையாமல் இருக்கட்டும். 2013-ம் வருஷத்துச் சட்டப்படி அமைக்க வேண்டிய புகார்க் குழு யார் யார் என்பதை எல்லாப் பாஷையிலும் சாப்பாட்டுக் கூடத்தில் எழுதிப் போடுங்கள். சம்பளத்தை அவளுடைய கணக்கில் மட்டுமே கட்டுங்கள். தகப்பனோ ஏஜெண்டோ கேட்டால் மறுத்துவிடுங்கள்.

விடுதிப் பெண்களுக்கும் ஒரு விண்ணப்பம். எழுத்துப் பிழையைப் பற்றிக் கவலைப்படாமல், ஷிப்ட் முடிந்து வந்து உங்கள் நாளை உங்கள் பாஷையில் எழுதி நமது பத்திரிகைக்கு அனுப்புங்கள். சந்தாலியில் வந்தாலும் மொழிபெயர்க்க ஆள் தேடிப் பிடிப்போம். கம்பெனி நம்பர் வேண்டாம், அப்பன் எழுத்தும் வேண்டாம், புருஷன் எழுத்தும் வேண்டாம். நீங்கள் எந்தப் பெயரைப் போடச் சொல்கிறீர்களோ அந்தப் பெயரில் அச்சிடுகிறோம்.